வெஸ்டரோக்குக்கு இரண்டு வழி

அஞ்சலா அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவை: "தம்பி, சப்பாத்தை விட்டிட்டுக் காலை மட்டும் இழுங்கோ. சேறு பிடிச்சதைத் திருப்பித் தராது."

நான் பெல்வொர்ம் தீவின் கடலணைக்கு வெளியே, ஒரு காலை முழங்கால்வரை சேற்றுக்குள் விட்டுவிட்டு நின்றிருந்தேன். நீர்மட்டம் அளக்கும் கருவிகளை நடுவதற்காகக் கீல் பல்கலைக்கழகத்திலிருந்து மாதம் ஒருமுறை அங்கே வருவேன். சுற்றிலும் ஆளில்லை என்ற தைரியத்தில் தமிழில் என்னையே திட்டிக்கொண்டிருந்தது, அணையின் மேல் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவருக்குக் கேட்டுவிட்டது. நீலச் சீருடை, பின்னால் மருந்துப் பெட்டி, ஐம்பதைத் தாண்டிய முகம். அட்லாண்டிக் தன் ஒரு கையை ஜெர்மனியின் பக்கம் நீட்டி வைத்திருக்கிறது; அதுதான் வடகடல். அந்தக் கையின் விரலிடுக்கில் கிடக்கும் தீவில் யாழ்ப்பாணத் தமிழ் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காலை உருவிக்கொண்டேன். சப்பாத்து இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அவர் பிறந்தது மண்டைதீவில். யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு எதிரே, ஆழமில்லாத பரவைக்கடலில் கிடக்கும் சின்னத் தீவு. எண்பத்தைந்தில் அகதியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி எசன் நகரத்துக்கு வந்து சேர்ந்த தவராசா அண்ணையைக் கட்டுவதற்காகத் தொண்ணூற்று நான்கில் ஜெர்மனி வந்தார். முதியோர் பராமரிப்பில் ஆவுஸ்பில்டுங் என்ற மூன்று வருடத் தொழிற்பயிற்சி முடித்து, எசனில் ஒரு முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தார். பிறகு ஒரு நாள், பெல்வொர்மில் நர்ஸ் தேவை, வீடும் தருகிறோம் என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஒருவரையும் கேட்காமல் விண்ணப்பம் போட்டுவிட்டார்.

எசனில் பிரியாவிடை விருந்தில் யாரோ சோற்றுத் தட்டோடு நின்று, தீவாள் தீவுக்கே போகிறாள் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். தீவு ஆட்களைக் குத்திக்காட்ட யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு பேச்சு உண்டாம்.

"ஓம், போறன், நீங்களும் வந்து பாருங்கோ எண்டு சொன்னனான்," என்றார் அக்கா. "பதினொரு வருஷமாச்சு, ஒருத்தரும் வரேல்ல. கப்பலில சத்தி வரும் எண்டு பயம்."

பெல்வொர்மைச் சுற்றி எட்டு மீட்டர் உயரத்துக்கு அணை இருக்கிறது. அதற்குத் தென்மேற்கே ஏழு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் வெஸ்டரோக்குக்கு அதுவும் கிடையாது. இந்தக் கடலில் அப்படிப்பட்ட தீவுகளை ஹல்லிக் என்கிறார்கள். கடலுக்குள் விரித்துப் போட்ட புல்வெளி, அவ்வளவுதான். குளிர்காலத்தில் பதினைந்து, இருபது முறை முழுத் தீவும் தண்ணீருக்குள் போய்விடும். அப்போது வெளியே தெரிவது, மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக மண் கொட்டி உயர்த்திய ஒரு மேடும் அதன்மேல் ஒரு நீண்ட கூரை வீடும். மேட்டுக்கு வார்ஃப்ட் என்று பெயர். வெள்ளம் வருகிறது என்றால் ஆடுகளை மேலே ஏற்றிவிட்டு, கதவுக்குப் பலகை வைத்துவிட்டு, தேநீர் போடுவார்கள்.

வெஸ்டரோக்கின் ஒரே வார்ஃப்டில் மொம்மெ இருக்கிறார். வயது எண்பத்தாறு. அவர் பிறந்த அறையும் இப்போது படுக்கும் அறையும் ஒன்றுதான். வீட்டின் மறுபாதியில் அவருடைய அண்ணன் மகனும் மருமகளும் இருந்து ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அறுபத்திரண்டில் வந்த பெருவெள்ளத்தில் வீட்டின் ஒரு சுவர் போனது, பசுக்கள் எல்லாம் போயின. அதற்குப் பிறகு மாடியில் கான்கிரீட் தூண்களின் மேல் ஓர் அறை கட்டினார்கள்; வீடே இடிந்தாலும் அந்த அறை நிற்கும். அதில் இப்போது ஆப்பிள் அடுக்கி வைத்திருக்கிறார். கீழே கூடத்துச் சுவர் முழுக்க நீலக் கப்பல்கள் வரைந்த பழைய ஓடுகள். மரம் இல்லாத தீவில் அவருடைய அம்மா சாணத்தைத் தட்டிக் காயவைத்து அடுப்பெரித்த புகைப்படம் ஒன்று கதவருகே தொங்குகிறது. அதை முதலில் பார்த்த அன்று அக்கா, இது எங்கட வறட்டியெல்லோ என்று சிரித்தாராம். எதற்குச் சிரிக்கிறாள் என்று மொம்மெக்கு விளங்கவைக்க ஒரு முழுப் பின்னேரம் பிடித்ததாம்.

அக்கா சொல்லும்போது மொம்மெயும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுவார். "பிள்ளை, நான் ஒரு நாளும் கடலுக்குப் போனதில்ல. கடல்தான் எங்கட வீட்டுக்கு வாறது" என்று அவர் சொன்னதாக அக்கா சொன்னபோது, அந்தக் கிழவர் மண்டைதீவிலேயே பிறந்தவர் என்று தோன்றியது.

அவருடைய இடது காலில் ஆறாத புண் ஒன்று. வாரத்துக்கு மூன்று முறை நர்ஸ் ஒருவர் மருந்து போட்டுக் கட்ட வேண்டும். அக்கா கப்பலில் போய்க் கட்டிக்கொண்டிருந்தார். போன வருடம் டிசம்பரில் கிழக்குக் காற்று பிடித்துக்கொண்டது. அந்தக் காற்று தண்ணீரை வெளியே தள்ளிவிடும். கப்பல் தரைதட்டும் என்பதால் ஒன்பது நாள் ஓடவில்லை. புண் மோசமாகி, ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவருக்குப் பின்னாலேயே பராமரிப்புக் காப்பீட்டு அலுவலகத்தின் கடிதமும் வந்தது. நர்ஸ் வாரம் மூன்று முறை வருவது உறுதி என்று காட்ட முடியாவிட்டால் மொம்மெ பெருநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாற வேண்டும். ஏப்ரல் கடைசியில் அலுவலர் ஒருவர் நேரில் வந்து பார்த்து முடிவெழுதுவார்.

மொம்மெ கடிதத்தைச் சுவர்க்கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, அந்த இல்லத்தின் ஜன்னலிலிருந்து என்ன தெரியும் என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு அந்தக் கட்டடம் தெரியும். கார் நிறுத்துமிடம் தெரியும் என்று உண்மையைச் சொன்னார்.

"நான் பன்னிரண்டு வருஷம் அப்பிடி ஒரு இடத்தில வேலை செய்தனான், தம்பி. அது கூடாத இடமில்ல. ஆனால் அவருக்கு அது ஒரு இடமே இல்ல."

கப்பல் இல்லாத நாளில் நடந்து போகலாம். கடல் வற்றும்போது பெல்வொர்முக்கும் வெஸ்டரோக்குக்கும் நடுவே வெறும் சேறுதான். ஏழு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஆனால் சேற்றுவழி நடத்துநர் என்ற அனுமதிப் பத்திரம் இல்லாதவரைத் தனியாக அனுப்ப முடியாது என்று அக்கா வேலை பார்க்கும் பராமரிப்பு நிலையம் சொல்லிவிட்டது. அந்தப் பத்திரத்துக்கு எழுத்துத் தேர்வும் நடைத்தேர்வும் உண்டு. எழுத்துத் தேர்வை மார்ச்சிலேயே முடித்துவிட்டார். நடைத்தேர்வை நடத்துபவர் வீப்கே; பெல்வொர்மிலேயே பிறந்து, இருபது வருடமாகப் பயணிகளைச் சேற்றில் கூட்டிப்போகிறவர். வீப்கே வைத்திருந்த சேற்று விபத்துக் கோப்பில் அஞ்சலா என்ற பெயர் ஏற்கனவே ஒருமுறை இருந்தது. அதுதான் சிக்கல்.

அது அக்கா தீவுக்கு வந்த இரண்டாவது இலையுதிர்காலத்தில் நடந்தது. மண்டைதீவைச் சுற்றியுள்ள பரவைக்கடலில் காலையில் முழங்கால் தண்ணீர் என்றால் மாலையிலும் முழங்கால்தான். ஒரு சாண் ஏறும், ஒரு சாண் இறங்கும். சின்ன வயதில் அந்தத் தண்ணீருக்குள்ளேயே நடந்து திரிந்தவர். இங்கே தண்ணீர் ஆறு மணி நேரத்தில் மூன்று மீட்டர் ஏறும் என்று அவர் படித்திருந்தார், ஆனால் கால்களுக்கு அது தெரியாது. அன்று வெஸ்டரோக்கில் வேலை முடிந்தும் கப்பல் வரவில்லை. ஒருவரிடமும் சொல்லாமல் நடக்கத் தொடங்கினார். வழியில் ஒரு வாய்க்கால், முழங்கால் ஆழம். சீருடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிக் கடந்தார். அடுத்த வாய்க்கால் இடுப்பு. திரும்பிப் பார்த்தால் முதல் வாய்க்கால் காணாமல் போயிருந்தது. இங்கே கடல் முன்னாலிருந்து வருவதில்லை. வாய்க்கால்களை நிரப்பிக்கொண்டு பின்னால் சுற்றி வந்துவிட்டுத்தான் முன்னால் தெரியும்.

சேற்றுவெளியில் இப்படி மாட்டிக்கொள்பவர்களுக்காக உயரமான கம்பங்களின் மேல் கூண்டு கட்டி வைத்திருக்கிறார்கள். ஏணியில் ஏறி அதற்குள் உட்கார்ந்தார். மீட்புப் படகு வேறொரு விபத்துக்குப் போயிருந்ததால் ஏழு மணி நேரம். அவரைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டுத் தகவல் சொன்னவர் மொம்மெ. சொன்னதோடு விடாமல், யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று ஒரு சிவப்புப் படுக்கை விரிப்பை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு, படகு வரும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

தீவு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. உணவுவிடுதிச் சமையற்கட்டில் வேலை பார்க்கும் தவராசா அண்ணையிடம், உன் மனைவி கூண்டில் முட்டையிட்டாளா என்று கேட்டவர்கள்கூட உண்டு. அக்காவோ அடுத்த கோடையிலிருந்து விடுமுறை நாளெல்லாம் வீப்கேயின் பயணிகள் கூட்டத்தின் கடைசி ஆளாகச் சேற்றில் நடந்தார். ஒரு கொப்பியும் எழுதத் தொடங்கினார். தேதி, காற்று, தண்ணீர், கப்பல் வந்ததா, சேறு நடக்க விட்டதா. காற்றின் பெயர்களை மண்டைதீவு மீனவர்கள் சொல்லும்படியே எழுதினார். கிழக்குக் காற்று கொண்டல், மேற்குக் காற்று கச்சான், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோழகம். வடகடலுக்கு மேல் ஒன்பது வருடமாக அடித்த காற்றெல்லாம் தமிழ்ப் பெயரில் அந்தக் கொப்பிக்குள் இருந்தது.

அதில் ஒரு விஷயம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கொண்டல் அடித்த நாளில் கப்பல் இல்லை. ஆனால் சேறு நன்றாக வற்றி வழி கிடக்கிறது. கச்சான் அடித்த நாளில் சேற்றில் இறங்க முடியாது. ஆனால் தண்ணீர் உயர்ந்து கப்பல் சுலபமாகப் போகிறது. ஒன்று அடைத்தால் மற்றது திறந்துகொள்கிறது. என் கருவிகள் இரண்டு வருடத்தில் சேர்த்த எண்களை அவர் அதைக் காட்டிய அன்றிரவே அந்தக் கொப்பியோடு ஒப்பிட்டேன். கொப்பிதான் முழுமையாக இருந்தது.

அலுவலர் வரும் நாள் தெரிந்ததும், நடைத்தேர்வையும் அதே நாளில் வைக்கும்படி அக்கா வீப்கேயைக் கேட்டுக்கொண்டார். அலுவலர் காலைப் பெருக்கில் கப்பலில் வெஸ்டரோக் போய் மாலைப் பெருக்கில் திரும்புவார். நடுவே, கடல் வற்றியிருக்கும் நேரத்தில், அக்கா சேற்றில் நடந்து போய் அவர் கண்முன்னாலேயே கட்டுப் போடுவார். தவராசா அண்ணைக்கு இது பிடிக்கவில்லை.

"ஒரு நாளைக்கு ஒரு அலுவல் காணும். நீர் ஏன் ரெண்டையும் ஒண்டா முடிச்சுக் கழுத்தில போடுறீர்?"

"நடந்து வாறன் எண்டு கடதாசியில எழுதினால் அந்த மனுசி நம்பாது. காலில சேத்தோட வந்து நிண்டால் நம்பும்."

தேர்வுக்கு வழிநடத்தப்பட ஒரு பயணியும் தேவை. அது நான்.

ஏப்ரல் இருபத்து நான்காம் தேதி. லேசான கிழக்குக் காற்று என்று வானிலை அறிக்கை சொன்னது. பதினொன்றே காலுக்கு அணையிலிருந்து இறங்கினோம். முன்னால் அக்கா, முதுகில் மருந்துப் பெட்டி, கையில் நீளக் கம்பு. நடுவில் நான். பின்னால் வீப்கே, கோட்டுப் பைகளுக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு. தேர்வு முடியும்வரை ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார். அப்படியே இருந்தார்.

கடல் கழற்றிப் போட்டுவிட்டுப் போன தரை அது. புழுக்கள் உள்ளிருந்து தள்ளிய மண் சுருள் சுருளாகக் கிடந்தது. வழியைக் காட்ட இலையுதிர்ந்த பூர்ச்சங்கன்றுகளைச் சேற்றில் நட்டிருந்தார்கள். ஒரு காட்டின் ஓரத்தை மட்டும் யாரோ பிடுங்கி வந்து வைத்ததுபோல் வரிசையாக நின்றன. வடக்கே சைபீரியாவுக்குப் போகும் வழியில் தங்கியிருந்த கருங்கழுத்து வாத்துகள் ஆயிரக்கணக்கில், புல்வெளியின் விளிம்பில் முனகிக்கொண்டிருந்தன. மொம்மெக்கு அவற்றைக் கண்டால் ஆகாது என்றார் அக்கா. ஆடுகளின் புல்லை மேய்ந்துவிடுகின்றனவாம். ஆனால் வரவேண்டிய வாரத்தில் வராவிட்டால் அவருக்குத் தூக்கம் வராதாம்.

ஒன்றரை மணி நேரத்தில் மேடு பெரிதாகிவிட்டது. வீட்டுச் சுவரின் செங்கல் நிறம் தெரிந்தது. வாசலில் இரண்டு உருவங்கள். ஒருவர் நாற்காலியில். நின்றிருந்தவர் கையை உயர்த்தினார்.

அக்கா நின்றார். காற்று விழுந்துவிட்டதை நான் அப்போதுதான் கவனித்தேன். அவர் மேட்டைப் பார்க்கவில்லை, வாத்துகளைப் பார்த்தார். வரும் வழியெல்லாம் எங்கள் பக்கம் முகம் வைத்து, காற்று வந்த கிழக்கைப் பார்த்து மேய்ந்தவை இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. சிறிது நேரத்தில் எல்லாத் தலைகளும் மேற்கே இருந்தன. அதற்குப் பிறகுதான் என் கன்னத்தில் மேற்குக் காற்று பட்டது.

வேகமாக நடந்து கடைசி வாய்க்காலுக்கு வந்தோம். அதற்கப்பால் எண்ணூறு மீட்டரில் வார்ஃப்ட். கணுக்கால் அளவு இருக்க வேண்டிய தண்ணீர். அக்கா கம்பை விட்டுப் பார்த்தார். முழங்கால். கடல் முழுதாக வற்ற இன்னும் அரை மணி நேரம் இருந்தது, ஆனால் தண்ணீர் வெளியே ஓடவில்லை. அப்படியே நின்றது.

நான் வீப்கேயைப் பார்த்தேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழங்கால்தானே அக்கா," என்றேன். "கிராஸ் பண்ணிடலாம். அவங்க வெயிட் பண்றாங்க."

அக்கா கம்பை மறுபடி தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். எதிரே அந்த உருவம் மறுபடி கையை உயர்த்தியது. நாற்காலியில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இந்தப் பக்கம் நின்றால் அலுவலரின் தாளில் நர்ஸ் வரவில்லை என்று ஏறும். அநேகமாகத் தேர்வும் போகும். இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ, நீளமான நிமிடங்கள்.

"முழங்கால் எண்டு நம்பித்தான் தம்பி நான் ஏழு மணித்தியாலம் கூண்டுக்குள்ள இருந்தனான்," என்றார். "போறது சுகம். நடுவில தண்ணி ஏறினால் நாங்கள் திரும்பி வர ஏலாது."

பிறகு ஜெர்மனில், தேர்வாளருக்குக் கேட்கும்படி, திரும்புகிறோம் என்று அறிவித்தார்.

திரும்பும்போதே தொலைபேசியில் வெஸ்டரோக்கை அழைத்தார். மொம்மெயின் மருமகள் எடுத்தார். காற்று மாறிவிட்டது, நடந்து வரவில்லை, மாலையில் வருகிறேன், அதுவரை பழைய கட்டை அவிழ்க்க வேண்டாம் என்றார். அலுவலர் தொலைபேசியை வாங்கி, நீங்கள் வந்துகொண்டிருப்பதைப் பார்த்தேனே, எவ்வளவு பக்கத்தில் இருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஆமாம், மிகவும் பக்கத்தில் என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா வேகமாக நடந்தார். அணைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது எங்களுக்கு இரண்டு பக்கமும் சேறு மினுங்கத் தொடங்கியது. மழையும் பிடித்துக்கொண்டது.

அணையில் தவராசா அண்ணை தேநீர்ப் போத்தலோடு காத்திருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். "என்ன, மொம்மெ வீட்டில ஆளில்லையோ?"

"கச்சான்," என்றார் அக்கா. "இஞ்சேருங்கோ, கப்பல் எத்தினை மணிக்கு வெளிக்கிடும் எண்டு கெதியாக் கேளுங்கோ."

வழக்கமாக அன்றைய பெருக்குக்கு ஆறரைக்குப் பிறகுதான் கப்பல் புறப்பட முடியும். மேற்குக் காற்று தண்ணீரை உள்ளே தள்ளிக்கொண்டிருப்பதால் ஐந்துக்கே கிளம்பலாம் என்றார் கப்பல்காரர். அக்கா சீருடை மாற்றிக்கொண்டார். நானும் வீப்கேயும் ஏறிக்கொண்டோம். தேர்வின் முடிவை வீப்கே இன்னும் சொல்லவில்லை. நாங்கள் நின்ற வாய்க்காலின் மேலே கப்பல் போனபோது பூர்ச்சங்கன்றுகளின் நுனி மட்டும் தெரிந்தது. ஆழமானியில் இரண்டு மீட்டர் இருபது என்று காட்டியது. அதை மூவரும் பார்த்தோம்.

வெஸ்டரோக் துறையில் அலுவலர் பையோடு தயாராக நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும், மழையில் நனைந்த கண்ணாடி. அக்கா மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை. கை கொடுத்து, இருபது நிமிடம் வேண்டும், கப்பல் நிற்கும், நீங்களும் கூட வந்தால் நல்லது என்றார்.

மொம்மெ அலுவலருக்காகக் காலையிலிருந்தே கறுப்புக் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே கால்சட்டையின் ஒரு காலை மட்டும் சுருட்டி விட்டிருந்தார். அக்கா முட்டிபோட்டு உட்கார்ந்தார். பழைய கட்டு, கழுவுநீர், அளவுகோல். கைகளுக்கு அவசரமே இல்லை. போன வாரம் மூன்று புள்ளி ஒன்று சென்டிமீட்டர், இன்று இரண்டு புள்ளி எட்டு என்று மொம்மெயிடம் சொன்னார். மூன்று மில்லிமீட்டர். மொம்மெ அலுவலரைப் பார்த்துத் தலையசைத்தார், அந்தக் கணக்கு தன்னுடைய சாதனை என்பதுபோல்.

கட்டி முடிந்ததும் அலுவலர் பேசினார். குரலில் கடுமை இல்லை. மதியம் நர்ஸ் வந்து சேரவில்லை என்பதைத் தான் எழுதியாக வேண்டும் என்றார். அக்கா ஜெர்மனில் சொன்ன பதிலை, பிறகு தவராசா அண்ணையிடம் தமிழில் திருப்பிச் சொன்னபோது நான் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தருகிறேன்.

"எழுதுங்கோ. மத்தியானம் திரும்பிப் போயிட்டா எண்டு எழுதுங்கோ. பின்னேரம் வந்தவ எண்டும் எழுதுங்கோ. கிழக்குக் காத்து எண்டால் கப்பல் வராது, நான் நடந்து வருவன். மேற்குக் காத்து எண்டால் நடக்க ஏலாது, கப்பல் வரும். ரெண்டும் ஏலாத நாள் வருஷத்துக்குப் பத்தோ பன்னிரண்டோதான். அந்த நாளுக்கு எண்டு இந்த வருஷம் இவற்ற மருமகளுக்குக் கட்டுப் பழக்கியிருக்கிறன். ஒவ்வொரு நாளும் கட்டாயம் வருவன் எண்டு மட்டும் என்னட்டைக் கையெழுத்துக் கேக்காதேங்கோ. அப்பிடிக் கையெழுத்துப் போடுறவள் ஒரு நாளைக்கு வராமலே போயிடுவாள்."

கொப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்து அலுவலரின் மடியில் வைத்தார். அலுவலர் தனக்குத் தெரியாத எழுத்தில் பக்கங்களைப் புரட்டினார். அக்கா விரல் வைத்து ஒவ்வொரு வரியாக விளக்கினார்: இது காற்று, இது தண்ணீர், இது கப்பல், இது நடை. போன டிசம்பரின் ஒன்பது நாட்களும் அதில் இருந்தன. ஒன்பதிலும் கொண்டல், ஒன்பதிலும் வழி திறந்து கிடந்தது என்று எழுதியிருந்தது. அலுவலர் அந்தப் பக்கத்தில் நிறைய நேரம் நின்றார். அனுமதிப் பத்திரம் இருந்திருந்தால் அந்த ஒன்பது நாளும் நீங்கள் வந்திருப்பீர்களா என்று கேட்டார்.

"ஏழு நாள்," என்றார் அக்கா. "ரெண்டு நாள் மூடுபனி."

அலுவலர் முதல்முறையாகச் சிரித்தார். பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மொம்மெ எழுந்து, எல்லோருக்கும் தேநீரில் கொஞ்சம் சாராயம் கலந்து ஊற்ற ஆரம்பித்தார். இருபது நிமிடம் ஐம்பது நிமிடமானது. கப்பல்காரர் இரண்டு முறை சங்கு ஊதினார்.

திரும்பும் கப்பலில்தான் வீப்கே கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார். மடித்த ஒரு தாள், சேற்றுவழி அனுமதிப் பத்திரம். அதில் முன்பே கையெழுத்து இருந்தது. "நீ திரும்பியது சரி," என்றார். "ஆனால் நான் உன்னைவிட நான்கு நிமிடம் முன்னாலேயே திரும்பியிருப்பேன். வாத்துகளைப் பார்த்ததுமே முடிவெடுக்க வேண்டும், வாய்க்கால்வரை போகக் கூடாது. அதைக் கவனித்துக்கொள்." அக்கா தாளை வாங்கிக்கொண்டு, அந்த நான்கு நிமிடத்தைக் கொப்பியில் எழுதினார். பிறகு கப்பலின் பின்பக்கம் போய்த் தனியாக நின்றார். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அலுவலகத்தின் முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது. நான் அந்த மாத வேலைக்காக அங்கே போயிருந்தேன். சமையலறை மேசையில் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கை ஈரமாக இருந்ததால் தவராசா அண்ணைதான் உறையைப் பிரித்து வாசித்தார். மொம்மெ தன் வீட்டிலேயே இருக்கலாம். வாரம் மூன்று வருகை. அதற்குக் கீழே, வழி என்ற கட்டத்துக்குள் அலுவலர் ஒரு வரி எழுதியிருந்தார். தவராசா அண்ணை அதை ஜெர்மனில் வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னார்:

"நடந்தோ, கப்பலிலோ. எது எண்டதை நர்ஸ் தீர்மானிப்பார்."

அக்கா வெங்காயத்தை வைத்துவிட்டு, அதை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தார். இன்னொருமுறை என்றார். மூன்றாவது முறை தவராசா அண்ணை நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, எழுந்து நின்று வாசித்தார்.